நரம்பு செல் சவ்வை டெஸ்ட் ட்யூப்ல செஞ்சு பாக்குறது எப்படி: லிப்பிட்ட மாத்துனா என்னென்ன மாறும்

ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே யாராவது ஒரு பையனோ பொண்ணோ வந்து "அண்ணா, கொலஸ்ட்ரால் போட்டா மெம்பரேன் இறுகிடும்தானே"னு கேக்கும், நானும் சளைக்காம "எந்த லிப்பிட்ல, எத்தன டிகிரில"னு திருப்பிக் கேப்பேன், அப்ப ஒரு முழி முழிப்பாங்க பாருங்க. மெம்பரேன்னா செல்லோட சவ்வு, லிப்பிட்டுனா அத கட்டுற கொழுப்பு மூலக்கூறு, பெரும்பாலும் ஒரு தலை, ரெண்டு வாலு. அந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தெரியாம நரம்பு செல் சவ்வு பத்தி ஒரு வரி கூட உருப்படியா எழுத முடியாது. வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் இங்க எழுதி வெச்சிடுறேன். ஃபியூம் ஹுட், நைட்ரஜன் சிலிண்டர், வேக்யூம் பம்ப், எக்ஸ்ட்ரூடர் (லிப்பிட் கரைசல ஃபில்டர் வழியா தள்ளுற கருவி), வெப்பநிலை மாத்தக்கூடிய ஃப்ளூரசன்ஸ் மெஷின், ஒரு மைக்ராஸ்கோப்பு, இவ்ளோ இருந்தா போதும், பாதிக்கு மேல எல்லா பயோபிசிக்ஸ் லேப்லயும் இருக்குறதுதான்.

லேபுக்குப் போறதுக்கு முன்னாடி அடுப்படிக்குப் போங்க. மார்கழி காலைல தேங்கா எண்ண பாட்டில்லயே உறைஞ்சு கெடக்கும், பக்கத்துல நிக்கிற கடல எண்ண அது பாட்டுக்கு ஓடும். தேங்கா எண்ணெயில இருக்குறது பெரும்பாலும் நேரான வாலு, டபுள் பாண்ட் இல்லாதது, அதனால அடுக்கி வெச்ச விறகு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுத்துக்கும். டபுள் பாண்ட் வந்தா வாலு மடங்கிடும், மடங்குன விறக அடுக்குனா நடுவுல சந்து விழும்ல, அதான் கதை. சவ்வுலயும் அதேதான், என்ன ஒண்ணு, அங்க வால நீளவாக்குல ரெண்டு அடுக்கா நிக்க வெச்சிருக்கு. 18 கார்பன் நேர் வாலு ரெண்டு இருக்குற பாஸ்ஃபடிடைல்கோலின் (சுருக்கமா பிசி) 55 டிகிரிலதான் இளகும், அதே நீளத்துல ரெண்டு வாலுலயும் நடுவுல ஒரே ஒரு டபுள் பாண்ட் வெச்சீங்கன்னா, அதான் டிஓபிசி, மைனஸ் 17 டிகிரி வரைக்கும் இளகியே கெடக்கும். வாலுக்கு ஒரே ஒரு மடிப்பு, அதுக்கே 70 டிகிரிக்கு மேல வித்தியாசம். ஆனா இத வெச்சு ஆறு மடிப்பு இருந்தா இன்னும் ஆறு மடங்கு எறங்கும்னு கணக்கு போட்டுடாதீங்க, முதல் மடிப்புதான் பெரிய அடி, அதுக்கப்புறம் வர்றது அந்த அளவுக்கு எறக்காது. மூளையில நிறைய இருக்குற டிஎச்ஏங்கிற 22 கார்பன், ஆறு டபுள் பாண்ட் உள்ள கொழுப்பு அமிலத்தோட வேலையே வேற, அது பின்னாடி வரும்.

இப்ப என்ன அளக்கப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க. பாதிப் பேர் இதப் பண்ணாமதான் லிப்பிட் ஆர்டர் போட்டு காச கரியாக்குறாங்க. சவ்வுக்கு நாலு குணம் இருக்குனு வெச்சுக்கங்க, எவ்ளோ இளகி இருக்கு, எவ்ளோ தடிமன், எவ்ளோ ஈசியா வளையும், மேல்பக்கம் எவ்ளோ சார்ஜ். கொலஸ்ட்ரால் முதல் மூணையும் தொடும், பிஎஸ்ங்கிற பாஸ்ஃபடிடைல்செரின் முக்கியமா சார்ஜ மாத்தும், பிஇங்கிற பாஸ்ஃபடிடைல்எத்தனாலமைன் தலை சின்னது வாலு பெருசுங்கிறதால வளைவுல விளையாடும். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, மூணையும் சேத்து மாத்திட்டு கிராஃப பாத்து ஜோசியம் சொல்லாதீங்க.

எத காப்பி அடிக்கப் போறோம்ங்கிறதும் முக்கியம். நரம்பு செல்லோட சவ்வு வேற, அதோட ஆக்ஸான, அதாவது சிக்னல் ஓடுற நீள வால, சுத்தி இருக்குற மையலின் உறை வேற. மையலினோட உலர் எடையில 70லருந்து 80 சதவீதம் லிப்பிட்டுதான், சாதாரண செல் சவ்வுல லிப்பிட்டும் புரோட்டீனும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மையலின்ல கொலஸ்ட்ரால், பாஸ்ஃபோலிப்பிட், சர்க்கரை ஒட்டுன லிப்பிட் மூணும் ஏறத்தாழ 2:2:1 மோல் விகிதத்துல நிக்கும், அந்த சர்க்கரை லிப்பிட்ல பெரும்பகுதி காலக்டோசில்செரமைடு, நீளமான நேர் வாலு, சந்து விடாம அடுக்கும். அது கரண்ட்டு வொயர் மேல இருக்குற பிளாஸ்டிக் உறை, அதுக்கு இறுக்கம்தான் வேணும். செல்லோட சொந்த சவ்வுல சேனல் தெறக்கணும் மூடணும், வெசிக்கிள், அதாவது சவ்வால ஆன குட்டிப் பை, வந்து ஒட்டணும் பிரியணும், அங்க அவ்ளோ இறுக்கம் ஆகாது. உடம்பு எடையில மூளை 2 சதவீதம்தான், ஆனா உடம்புல இருக்குற மொத்த கொலஸ்ட்ரால்ல 20லருந்து 25 சதவீதம் அங்கதான் கெடக்கு, அதுலயும் பெரும்பங்கு மையலின்ல. (நெய் சாப்ட்டா மூளைக்கு கொலஸ்ட்ரால் போகும்னு வாட்ஸப்ல ஒண்ணு சுத்துது, ரத்தத்துல இருக்குற கொலஸ்ட்ரால் மூளைக்குள்ள நுழைய முடியாது, மூளை தனக்கு வேண்டியத தானே செஞ்சுக்குது. நெய்ய ருசிக்கு சாப்டுங்க.)

சரி, கலக்க ஆரம்பிப்போம். முதல் தடவ ரெண்டே லிப்பிட் போதும், பிஓபிசியும் (ஒரு வாலு நேரு, இன்னொண்ணுல ஒரு டபுள் பாண்ட் உள்ள பிசி) கொலஸ்ட்ராலும், 60க்கு 40. நரம்பு வெசிக்கிள்ல கொலஸ்ட்ரால் ஏறக்குறைய 40 மோல் சதவீதம் இருக்கு, அதனால அந்த நம்பர். மோல் சதவீதம்னு சொன்னேன், அதாவது மூலக்கூறு எண்ணிக்கைக் கணக்கு, எடை சதவீதம் இல்ல. எத்தன பேர் இங்க கவுந்திருக்காங்கன்னு சொல்லி மாளாது, நானும் ஒருத்தன். பிஓபிசியோட மூலக்கூறு எடை 760, கொலஸ்ட்ராலுக்கு 387, அதாவது பாதிதான். 60 மில்லிகிராமுக்கு 40 மில்லிகிராம்னு எடையில கலந்தீங்கன்னா மோல் கணக்குல கொலஸ்ட்ரால் 57 சதவீதம் ஆயிடும். பிசில அது கூட பரவால்ல, 66 வரைக்கும் தாங்கும், பிஇல 51ஐ தாண்டுனாலே கொலஸ்ட்ரால் தனியா படிகமா ஒதுங்கிடும், அப்புறம் நீங்க அளக்குறது சவ்வையும் இல்ல படிகத்தையும் இல்ல. சரியான கணக்கு இது: மொத்தம் 1 மைக்ரோமோல் வேணும்னா 0.6 மைக்ரோமோல் பிஓபிசி, 0.4 கொலஸ்ட்ரால். ரெண்டுமே மில்லிக்கு 10 மில்லிகிராம் ஸ்டாக்னா பிஓபிசி 45.6 மைக்ரோலிட்டர், கொலஸ்ட்ரால் 15.5 மைக்ரோலிட்டர். இந்தக் கணக்க நோட்ல பேனாவால எழுதுங்க, எக்செல் ஷீட்ட காப்பி பேஸ்ட் பண்ணுனா பழைய மூலக்கூறு எடை அப்படியே உள்ள உக்காந்திருக்கும்.

லிப்பிட் ஸ்டாக் குளோரோஃபார்ம்ல இருக்கும், அத கண்ணாடி சிரிஞ்ச்சுல மட்டும்தான் எடுக்கணும். பிளாஸ்டிக் டிப்புல எடுத்தீங்கன்னா பிளாஸ்டிக்கும் கொஞ்சம் கரைஞ்சு கூட வரும், மூடிய பாராஃபிலிம் சுத்தி வெச்சீங்கன்னா அதுவும் கரைஞ்சு உள்ள எறங்கும், டெஃப்ளான் மூடி போடுங்க. இன்னொண்ணு, பாட்டில ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே தெறக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வரட்டும், இல்லனா காத்துல இருக்குற ஈரம் உள்ள போய் உக்காந்துக்கும், குளோரோஃபார்ம் ஆவியாகி செறிவும் மாறிப்போகும்.

பின்னாடி இறுக்கத்த அளக்க வேணும், அதனால லார்டான்ங்கிற சாயத்தையும் இப்பவே சேத்துடுங்க, 500 லிப்பிட்டுக்கு ஒரு லார்டான். உருண்ட அடி ஃபிளாஸ்க்குல ஊத்தி, நைட்ரஜன மெதுவா விட்டுக்கிட்டே ஃபிளாஸ்க்க சுத்துங்க, தோச ஊத்துற மாதிரி சீரா மெல்லிசா பரவணும், ஒரே எடத்துல குமிஞ்சா நடுவுல குளோரோஃபார்ம் மாட்டிக்கும். அப்புறம் வேக்யூம்ல ரெண்டு மணி நேரமாவது, முடிஞ்சா ராத்திரி பூரா. காலைல பாத்தா கண்ணாடியில பனி படிஞ்ச மாதிரி ஒரு படலம் தெரியும்.

இதுல பஃபர் (பிஎச் மாறாம வெச்சுக்கிற கரைசல்) 1 மில்லி ஊத்தி கரைக்கணும், இங்கதான் வெப்பநிலை வந்து நிக்கும். கலவையில எந்த லிப்பிட் அதிக சூட்டுல இளகுமோ அதுக்கும் மேல வெச்சு கரைக்கணும். பிஓபிசி மைனஸ் 2லயே இளகிடும், பிரச்சன இல்ல. ஆனா மூளையில எடுத்த ஸ்ஃபிங்கோமயலின்ங்கிற லிப்பிட் போட்டீங்கன்னா அது 40 டிகிரிக்குப் பக்கத்துல இளகுறது, 16 கார்பன் நேர் வாலு ரெண்டு உள்ள பிசி, அதான் டிபிபிசி, 41. நான் முதல் வருஷம் ஸ்ஃபிங்கோமயலின் கலவைய ஏசி ரூம்ல 22 டிகிரில உக்காந்து மணிக்கணக்கா ஆட்டு ஆட்டுனு ஆட்டி, ஃபிளாஸ்க் சுவத்துல சோப்பு செதில் மாதிரி ஒட்டிக்கிட்டு எறங்கவே மாட்டேனு நின்னுச்சு, சீனியர் ஒருத்தர் வந்து ஒண்ணும் பேசாம ஃபிளாஸ்க்க வாங்கி 60 டிகிரி வாட்டர் பாத்துல முக்குனார், கொஞ்ச நேரத்துல எறங்கிடுச்சு. எக்ஸ்ட்ரூடரையும் அதே சூட்டுல வெக்கணும், ஃபிளாஸ்க்க மட்டும் சூடு பண்ணிட்டு எக்ஸ்ட்ரூடர ஆறவிட்டா ஃபில்டர் அடச்சு சிரிஞ்ச் உடையும்.

கரைச்சதும் அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெள்ளையா இருக்கும், அது வெங்காயம் மாதிரி பல அடுக்கு உருண்டை. லிக்விட் நைட்ரஜன்ல உறைய வெச்சு வெந்நீர்ல இளக்கி, இப்படி ஒரு ஏழெட்டு தடவ, அப்புறம் 100 நானோமீட்டர் ஃபில்டர் வழியா 21 தடவ தள்ளணும். ஏன் 21னா, ஒத்தப்படையா இருந்தாதான் கடைசில அந்தப் பக்க சிரிஞ்ச்சுல வந்து நிக்கும், ஆரம்பிச்ச பக்கத்துல ஃபில்டர் தாண்டாத குப்பை கெடக்கும்ல. முடிஞ்சா இளநீர் மாதிரி லேசா நீலம் பாஞ்ச தெளிவு வரும். வெள்ளையாவே நின்னா இன்னும் சரியா வரலனு அர்த்தம்.

பிஎஸ் சேக்குறவங்க கவனிங்க, பஃபர்ல கால்சியம் இருந்தா வெசிக்கிள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி திரிஞ்ச பால் மாதிரி அடியில உக்காந்துடும், கால்சியத்த புடிச்சு வெக்கிற இடிடிஏ கொஞ்சம் போட்டு வெச்சுக்கங்க. நெஜ செல்லுல இந்த பிஎஸ் பெரும்பாலும் உள்பக்க அடுக்குலதான் இருக்கும், வெளிய வந்துச்சுன்னா செல் சாகப்போகுதுங்கிறதுக்கு ஒரு அடையாளம். நம்ம ட்யூப்ல ரெண்டு பக்கமும் சமமா நிக்கும், அந்த வித்தியாசத்த ரிப்போர்ட்ல ஒத்துக்கங்க. அதே மாதிரி டிஓபிஇய (டிஓபிசியோட வாலு உள்ள பிஇ) தனியா மட்டும் எடுத்து ரூம் சூட்டுல வெசிக்கிள் செய்யப் பாக்காதீங்க, அந்த சூட்டுல அது ரெட்டை அடுக்காவே நிக்காது, குழாய் குழாயா சுருண்டு அறுகோணமா அடுக்கிக்கும். இந்த சுருளுற புத்திதான் நரம்புக்கு வேணும், 40 நானோமீட்டர் அளவுக்கு ஒரு குட்டி வெசிக்கிள் சவ்வோட கலக்கணும்னா நடுவுல ஒரு கட்டத்துல சவ்வு அப்படித்தான் கோணலா வளைஞ்சாகணும்.

இனி அளக்குறது. லார்டான் சவ்வுக்குள்ள தலைக்குக் கொஞ்சம் கீழ போய் உக்காந்துக்கும், பக்கத்துல தண்ணி மூலக்கூறு எவ்ளோ நுழைஞ்சிருக்கு, எவ்ளோ அசையுதுங்கிறத பொறுத்து நெறம் மாறும். இறுகுன சவ்வுல 440 நானோமீட்டர் பக்கம் நீலம், இளகுன சவ்வுல 490 பக்கம் பச்சைக்குச் சாயும். 440 ரீடிங்ல இருந்து 490 ரீடிங்க கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா வர்றதுதான் ஜிபிங்கிற இறுக்க அளவு. 440ல 900, 490ல 300 வந்தா ஜிபி 0.5, இறுக்கம். 400க்கு 600னா மைனஸ் 0.2, நல்லா இளகியிருக்கு. சாயம் போடாத வெசிக்கிள் ஒண்ணையும் ஓட்டி அத கழிச்சுக்கணும், வெசிக்கிள் வெளிச்சத்த சிதறடிக்கும்.

மெயின் பரீட்சை இதுதான், இத மட்டும் செஞ்சாலே ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு பதில் கெடச்சிடும். வெறும் டிபிபிசி ஒரு ட்யூப், டிபிபிசியோட 40 மோல் சதவீதம் கொலஸ்ட்ரால் இன்னொரு ட்யூப், ரெண்டையும் 25ல இருந்து 55 டிகிரி வரைக்கும் ரெண்டு ரெண்டு டிகிரியா ஏத்துங்க, ஒவ்வொரு தடவயும் அஞ்சு நிமிஷம் பொறுங்க. வெறும் டிபிபிசி 41 கிட்ட வந்ததும் படிக்கட்டுல கால் தவறுன மாதிரி ஜிபி சடார்னு விழும். கொலஸ்ட்ரால் போட்டதுல அந்தப் படிக்கட்டே இருக்காது, ஒரு சரிவுப் பாதை மாதிரி மெதுவா எறங்கும். 50 டிகிரில ரெண்டையும் பக்கத்துல வெச்சா கொலஸ்ட்ரால் உள்ளதுதான் இறுக்கம், ஏன்னா அதோட தட்டையான வளையம் பக்கத்துல ஆடிக்கிட்டிருக்குற வாலுங்கள நிமித்தி வெக்குது. 41க்குக் கீழ வந்தா அதே வளையம் விறகு அடுக்குக்கு நடுவுல சொருகுன கல் மாதிரி, முழுசா உறைய விடாது. ஆக இறுக்கவும் செய்யுது இளக்கவும் செய்யுது, உங்க சாம்பிள் எந்தப் பக்கம் நிக்குதுங்கிறதுதான் கேள்வி. நரம்பு செல் 37 டிகிரில, அதிலும் பாதிக்கு மேல டபுள் பாண்ட் உள்ள லிப்பிட்டோட நிக்குறதால அங்க கொலஸ்ட்ரால் பெரும்பாலும் இறுக்குற வேலைதான் பாக்குது, ஆனா அத சொல்றதுக்கு முன்னாடி இந்த கிராஃப் உங்க கையில இருக்கணும்.

ஒரு தொல்லை சொல்றேன், வாட்டர் பாத் மீட்டர்ல 45னு காட்டும், சாம்பிள் ஊத்தி மெஷின்ல வெக்கிற குவெட்டுக்குள்ள 42 கூட இருக்காது. எனக்கு டிபிபிசி 44ல இளகுதுனு ரிசல்ட் வந்து, புதுசா ஏதோ கண்டுபுடிச்சிட்டோம்னு ஒரு நாள் பூரா சந்தோஷமா திரிஞ்சேன். குவெட்டுக்குள்ளயே ஒரு தெர்மோகப்பிள் விட்டு பாருங்க.

கண்ணால பாக்கணும்னா பெரிய வெசிக்கிள் செய்யணும், 20, 30 மைக்ரோமீட்டர் சைஸ்ல. கரண்ட் பாயிற ஐடிஓ பூசுன கண்ணாடி ரெண்டு எடுத்து, அதுல லிப்பிட் படலம் போட்டு, நடுவுல 300 மில்லிமோலார் சர்க்கரைத் தண்ணி, அதாவது சுக்ரோஸ், ஊத்தி 10 ஹெர்ட்ஸ்ல ஒரு வோல்ட் அளவுக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டுனா படலம் ஊதி உருண்டையா கெளம்பும். 1986ல ஆஞ்செலோவா, டிமிட்ரோவ்னு ரெண்டு பல்கேரியக்காரங்க கொண்டு வந்த வழி இது. பாக்கும்போது வெளிய அதே 300 மில்லிமோலார் குளுக்கோஸ் ஊத்துனா, உள்ள சுக்ரோஸ் கனம்ங்கிறதால வெசிக்கிள் அடியில வந்து உக்காந்துக்கும், தேட வேண்டியதில்ல.

டிஓபிசி, ஸ்ஃபிங்கோமயலின், கொலஸ்ட்ரால் மூணும் சமமா, கூட துளியூண்டு ரோடமின்ங்கிற செவப்புச் சாயம் ஒட்டுன பிஇ. சூட்டுல ஒரே செவப்பு உருண்டையா இருக்கும், ரூம் சூட்டுக்கு ஆற ஆற கருப்பு வட்டமா பொட்டு பொட்டா வரும். கருப்பு எடம் ஸ்ஃபிங்கோமயலினும் கொலஸ்ட்ராலும் சேந்து ஒதுங்குன எடம், சாயம் அங்க நுழையாது. ரசத்துல மிதக்குற எண்ணப் பொட்டு ரெண்டு கிட்ட வந்து தொட்டதும் ஒண்ணா சேந்து மறுபடி வட்டமாகும்ல, அச்சு அசல் அதே மாதிரி சேரும். அப்படி சேந்து வட்டமானா ரெண்டு பக்கமும் திரவம்தான். பொட்டு கோணல்மாணலா, நகராம நின்னா அங்க உறைஞ்சு கெடக்குனு அர்த்தம், கொலஸ்ட்ரால் கம்மியா போட்டிருப்பீங்க. நெஜ செல் சவ்வுல இப்படி ஒதுங்குற திட்டுக்கு ராஃப்ட்னு பேரு, ஆனா இதப் பாத்துட்டு "நியூரான்ல ராஃப்ட் பாத்துட்டேன்"னு மட்டும் எழுதாதீங்க தயவுசெஞ்சு. டிஓபிசிக்குப் பதிலா பிஓபிசி போட்டுப் பாருங்க, பொட்டு சுருங்கி சுருங்கி மைக்ராஸ்கோப்புக்கு அகப்படாம போயிடும், நெஜ சவ்வு அந்தப் பக்கத்துக்குத்தான் கிட்ட.

டிஎச்ஏவுக்கு வர்றேன். அதோட வாலு ஒரு எடத்துல நிக்காது, பாம்பு மாதிரி நெளிஞ்சுக்கிட்டே இருக்கும், கொலஸ்ட்ராலோட ஒட்டாது, அதனால சவ்வு லேசான தள்ளுக்கே வளையும். நரம்பு முனையில வெசிக்கிள வெளிய விட்டதும் சவ்வ மறுபடி உள்ள கிள்ளி எடுக்கணும், அந்த வேலையப் பாக்குற டைனமின், எண்டோஃபிலின்ங்கிற புரோட்டீன் ரெண்டும் டபுள் பாண்ட் அதிகமுள்ள சவ்வுல சுலபமா கிள்ளுதுனு 2014ல காமிச்சாங்க. ஆனா லேப்ல இது ஒரு தலைவலி, காத்து பட்டா கெட்டுப்போகும். ஒரு நாள் மூடி சரியா மூடாம வெச்சுட்டு போய் மறுநாள் தெறந்தா கருவாட்டுக் கடை வாசம், கலரும் மஞ்சள், அந்த ஆம்பியூல் வெலைய நெனச்சா இன்னும் வயிறு எரியும். ஆர்கான் விட்டு மூடி மைனஸ் 80ல வைங்க, தெறந்த அன்னிக்கே முடிச்சிடுங்க, வெளிச்சம் படாம பாத்துக்கங்க.

கடைசியா தடிமனும் கரண்ட்டும். சவ்வோட எண்ணப் பகுதி 3 நானோமீட்டர் தடிமன், அதுக்கு மின்தடுப்பு எண் (டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்) 2னு எடுத்தா கெப்பாசிடன்ஸ், அதாவது சார்ஜ சேத்து வெக்கிற திறன், சதுர செண்டிமீட்டருக்கு 0.6 மைக்ரோஃபாரட் வரும், புரோட்டீன் எல்லாம் சேந்த நெஜ செல்லுல 1 கிட்ட. அந்த 3 நானோமீட்டருக்குக் குறுக்க 70 மில்லிவோல்ட்னா மீட்டருக்கு 2 கோடி வோல்ட்டுக்கு மேல, காத்துல 30 லட்சத்துலயே பொறி பறக்கும். கொலஸ்ட்ரால் வால நிமித்துனா தடிமன் கூடும், 10 சதவீதம் கூடுனா கெப்பாசிடன்ஸ் 9 சதவீதம் கொறையும். மையலின் இதையே மொரட்டுத்தனமா பண்ணுது, 50 சுத்து சுத்துனா 100 சவ்வு வரிசையா நிக்கும், கெப்பாசிடன்ஸ் நூத்துல ஒரு பங்கு, அதனாலதான் மையலின் உள்ள தடிச்ச நரம்புல சிக்னல் நொடிக்கு 100 மீட்டர் தாண்டி ஓடுது, இல்லாததுல ஒண்ணு ரெண்டு மீட்டர்.

இதையும் கையால அளக்கலாம். 1962ல முல்லர், ருடின், டியன் எல்லாம் மாட்டு மூளையோட வெள்ளைப் பகுதியில எடுத்த லிப்பிட்ட வெச்சே செஞ்ச பழைய வித்தை. டெஃப்ளான் தட்டுல ஒரு மில்லிமீட்டர் ஓட்டை, ரெண்டு பக்கமும் உப்புத்தண்ணி, டெக்கேன்ல கரைச்ச லிப்பிட்ட சின்ன பிரஷ்ஷால ஓட்டை மேல பூசுங்க. முதல்ல சோப்பு நுரை மாதிரி கலர் கலரா தெரியும், அப்புறம் கீழ்ப்பக்கம் ஒரு கருப்புப் புள்ளி தோணி மெதுவா பரவும், அந்தக் கருப்பு பரவுன எடம்தான் ரெட்டை அடுக்கு, வெளிச்சமே திரும்பி வராத அளவுக்கு மெல்லிசு. மேசைய யாரும் தட்டக்கூடாது, பக்கத்து ரூம்ல கதவ சாத்துனாலே போச்சு. கெப்பாசிடன்ஸ் 0.6 எதிர்பாத்து 0.4 வந்தா பயப்படாதீங்க, டெக்கேன் கொஞ்சம் நடுவுல தங்கி சவ்வ தடிமனாக்கியிருக்கு, கொலஸ்ட்ரால் போட்டதையும் போடாததையும் அதே டெக்கேன்ல அதே சூட்டுல ஓட்டி ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த எடுத்துக்கங்க.